அசையாப் பொருள் ஓவியங்களில் எலுமிச்சையும் மண்டை ஓடும் சொல்வது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைக் கல்லூரிகளில் ‘ஸ்டில் லைஃப்’ என்று சொல்லும் அசையாப் பொருள் ஓவியம் பல நாடுகளில் வரையப்பட்டிருக்கிறது. ஆனாலும் குறியீடு என்று பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்துதான். ஹார்லெம், லெய்டன், ஆம்ஸ்டர்டாம், தெற்கே ஆன்ட்வெர்ப் ஆகிய ஊர்களின் ஓவியர்கள் சமையலறையிலும் எழுதுமேசையிலும் கிடந்த பொருட்களை வைத்தே வாழ்வையும் சாவையும் செல்வத்தையும் பக்தியையும் பேசினார்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த ஓவியங்களைப் பற்றியவை.

இந்தப் பொருட்களுக்கு உண்மையிலேயே உள்ளர்த்தம் இருந்ததா, பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னதா?

சில படங்களில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஓவியரே மண்டை ஓட்டின் பக்கத்தில் ஒரு தாளை வைத்து, அதில் லத்தீனில் வாசகம் எழுதிவிடுவார். தமிழ் விவிலியத்தில் பிரசங்கி புத்தகத்தின் தொடக்கத்தில் வரும் ‘மாயை மாயை, எல்லாம் மாயை’ என்பதே பெரும்பாலும் அந்த வாசகம். இந்த வகைப் படங்களுக்கு ‘வானிட்டாஸ்’ என்ற பெயர் வந்ததும் அந்த வரியின் லத்தீன் வடிவத்திலிருந்துதான்.

இரண்டாவது சான்று, அன்றைய வீடுகளில் புழங்கிய உருவகப் புத்தகங்கள். ஒரு பொருளின் படம், அதன்மேல் ஒரு முதுமொழி, கீழே விளக்கம் என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். ரூமர் விஸ்ஸர் 1614இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட புத்தகத்தில் டூலிப் பூக்களின் படத்துக்கு, மூடனும் அவன் பணமும் சீக்கிரம் பிரிவார்கள் என்ற கருத்து தரப்பட்டிருக்கிறது. கவிஞர் யாகோப் காட்ஸின் உருவகப் புத்தகங்கள் இதைவிடப் பரவலாகப் படிக்கப்பட்டன. இவற்றைப் புரட்டிப் பழகிய கண்ணுக்கு மேசைமேல் கிடக்கும் பொருள் வெறும் பொருளாக மட்டும் தெரிந்திருக்காது.

ஆனால் எல்லாப் படமும் அப்படியல்ல. கலை வரலாற்றாளர்களிடையே இதில் நீண்ட வாதம் உண்டு. எடி டி யோங் இந்த ஓவியங்களில் மறைந்திருக்கும் நீதிக் கருத்துகளை உருவகப் புத்தகங்களின் துணையோடு வெளிக்கொண்டுவந்தார். ஸ்வெட்லானா ஆல்பெர்ஸ் 1983இல் இதை மறுத்தார்: லென்ஸும் வரைபடமும் வளர்ந்த அந்த நாட்டில், கண்ணால் கண்ட உலகைத் துல்லியமாக வர்ணிப்பதே ஓவியர்களின் முதல் நோக்கம் என்றார். இரண்டுக்கும் பிடிமானம் இருக்கிறது. எங்கள் கருத்து இதுதான்: எந்தப் பொருளுக்கும் நிரந்தரமான ஒற்றை அர்த்தம் கிடையாது. பக்கத்தில் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, வெளிச்சம் எதன்மேல் விழுகிறது என்ற மூன்றும் சேர்ந்தே அர்த்தத்தைத் தருகின்றன. ‘எலுமிச்சை என்றால் இது, சிப்பி என்றால் அது’ என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களை நம்பிப் படம் பார்க்காதீர்கள்.

மண்டை ஓடு எப்போது மேசைமேல் ஏறியது?

வெகு காலத்துக்கு முன்பே. பழைய ரோமானிய நகரமான பொம்பெயியில் கிடைத்து இப்போது நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு மொசைக்கில் மண்டை ஓடு உண்டு. அதன் கீழே உயிரைக் குறிக்கும் பட்டாம்பூச்சி, அதற்கும் கீழே விதியின் சக்கரம். இடைக்காலத்தில் உருவப்படப் பலகைகளின் பின்புறத்தில் மண்டை ஓடு வரையும் வழக்கம் வந்தது. பின்புறத்தில் இருந்ததை முன்புறத்துக்குக் கொண்டுவந்து தனிப் படமாக்கியவர்களில் ஜாக் டி கெய்ன் முக்கியமானவர். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய 1603ஆம் ஆண்டுப் படம், தெரிந்த வானிட்டாஸ் படங்களில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. மாடக்குழியில் மண்டை ஓடு, அதன்மேல் பெரிய குமிழி, இரு பக்கமும் பூவும் புகையும், முன்னால் நாணயங்கள். மனிதன் ஒரு குமிழி என்ற பழைய ரோமானிய வாக்கை அறிஞர் எராஸ்மஸ் தன் முதுமொழித் தொகுப்பில் எடுத்தாண்டிருந்ததால், படித்தவர்களுக்கு அந்தக் குமிழி உடனே புரிந்திருக்கும்.

லெய்டன் நகரில் இவ்வகைப் படங்கள் செழித்ததற்குக் காரணம் உண்டு. 1575இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் கால்வினிசம் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் கடுமையான சூழலும் அங்கே ஒன்றாக இருந்தன. அதனால் லெய்டன் படங்களில் மண்டை ஓட்டோடு புத்தகமும் இறகுப் பேனாவும் சேர்ந்தே வரும்: படிப்பும் நிலைக்காது என்பது படித்தவர்களுக்கே சொல்லப்பட்ட எச்சரிக்கை. ஹார்லெமில் இதே காலத்தில் ரொட்டியும் மீனும் வைத்த காலை உணவு மேசைகள்தான் அதிகம்.

ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பது?

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள ஹார்மன் ஸ்டீன்விக்கின் படத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 1640இல் ஓக் பலகையில் வரைந்தது; ஏறத்தாழ 39 செ.மீ. உயரம், 51 செ.மீ. அகலம்.

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். இடது மேல் மூலையிலிருந்து ஒரு கற்றை சாய்வாக இறங்கி மண்டை ஓட்டில் முடிகிறது. படத்தின் இடது மேற்பாதி கிட்டத்தட்ட வெறுமை. பொருட்கள் எல்லாம் வலப்பக்கம் குவிந்திருக்கின்றன. எது முக்கியம் என்பதை எந்தக் குறியீட்டுக்கும் முன்னதாக இந்த அமைப்பே சொல்லிவிடுகிறது.

அடுத்து ஒவ்வொரு பொருளின் நிலையைப் பாருங்கள். மண்டை ஓட்டின் பின்னே உள்ள விளக்கு எரியவில்லை. திரியிலிருந்து மெல்லிய புகை எழுகிறது. ஆகவே அது சற்று முன்புதான் அணைந்தது. கடிகாரம் திறந்திருக்கிறது. சங்கு அழகானது, தொலைதூரக் கடலிலிருந்து வந்தது, ஆனால் உள்ளே உயிர் இல்லை.

மூன்றாவதாக, பொருட்களை இனம் பிரியுங்கள். வானிட்டாஸ் படங்களில் பொதுவாக மூன்று குழுக்கள் வரும். ஒன்று, இந்த உலகில் மனிதன் தேடுபவை: அறிவுக்குப் புத்தகம், இன்பத்துக்கு இசைக்கருவி, செல்வத்துக்கும் அதிகாரத்துக்கும் சங்கு, பட்டு, வாள். இரண்டு, காலம் கழிவதைக் காட்டுபவை: கடிகாரம், விளக்கு, குமிழி. மூன்று, மரணத்தைத் தாண்டிய நம்பிக்கைக்கு உரியவை: கோதுமைக் கதிர், ஐவி கொடி, லாரல் இலை. ஸ்டீன்விக்கின் இந்தப் படத்தில் ஜப்பானிய வாள் ஒன்று உண்டு. கிழக்கு நாடுகளோடு நடந்த வணிகம் நடுத்தர வர்க்கத்தின் மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்த பொருள் அது. மூன்றாவது குழு இதில் அழுத்தமாக இல்லை. நம்பிக்கையைச் சுமப்பது அந்த ஒளிக்கற்றைதான் என்று படிக்கலாம்.

கடைசியாக ஓரங்களைப் பாருங்கள். வலது ஓரத்தில் உள்ள மண்குடுவையின் இடத்தில் ஸ்டீன்விக் முதலில் ஒரு ரோமானியப் பேரரசரின் தலையை வரைந்து, பிறகு மறைத்திருக்கிறார். காலம் செல்லச் செல்ல எண்ணெய் வண்ணத்தின் மறைக்கும் திறன் குறைவதால் அடியில் இருப்பது மங்கலாக மேலே தெரியவரும். பேரரசரின் தலை இருந்திருந்தால் படம் அதிகாரத்தைப் பற்றிய பேச்சாகியிருக்கும். அதை எடுத்ததும் பொதுவான மனிதனைப் பற்றியதாகிவிட்டது.

பாதி உரித்த எலுமிச்சைக்கு என்ன அர்த்தம்?

வழக்கமாகச் சொல்லப்படுவது: வெளியே அழகு, உள்ளே புளிப்பு; கவர்ச்சியை நம்பாதே. சில படங்களுக்கு இது பொருந்தலாம். ஆனால் எலுமிச்சையை உரித்து ஒயினில் பிழிந்து குடிப்பதும், சிப்பியோடும் மீனோடும் சேர்த்துக்கொள்வதும் அங்கே சாதாரண வழக்கம். மேசையில் அது இருந்ததற்கு அந்தக் காரணமே போதும். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கப்பலில் வந்த பழம் என்பதால் வசதியின் அடையாளமும்கூட.

எல்லாவற்றையும்விட வலுவான காரணம் தொழில் சார்ந்தது. தோல் சுருண்டு தொங்கும் பழம் ஒன்றிலேயே மூன்று பரப்புகள் கிடைக்கின்றன: குழிகுழியான மஞ்சள் மேல்தோல், பஞ்சு போன்ற வெள்ளை உள்தோல், ஈரமாக மின்னும் சுளை. வில்லம் கல்ஃப் படங்களில் மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கும் எலுமிச்சைத் தோலைப் பார்த்தால், வாங்குபவருக்கு ஓவியர் தன் கைத்திறனைக் காட்டுகிறார் என்பது புரியும். குறியீடு தேடும் ஆர்வத்தில் இந்த மகிழ்ச்சியைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

கடிகாரம், மெழுகுவர்த்தி, குமிழி, மணல் கடிகாரம்: எல்லாமே ‘காலம் போகிறது’ என்பதுதானே?

கிட்டத்தட்ட. நுணுக்கத்தில் வேறுபாடு உண்டு. மணல் கடிகாரம் அளந்து தரப்பட்ட ஆயுளைக் காட்டுகிறது. குமிழி எந்த நொடியும் உடையலாம். அணைந்த திரி முடிந்துவிட்டதைச் சொல்கிறது. பாக்கெட் கடிகாரம் விலை உயர்ந்தது. பெரும்பாலும் நீல நாடாவில் அதன் சாவி கட்டப்பட்டிருக்கும். எனவே அது காலத்தையும் ஆடம்பரத்தையும் ஒன்றாகப் பேசும். நாள்தோறும் சாவி கொடுக்காவிட்டால் நின்றுவிடும் பொருள் என்பதால், அளவோடும் ஒழுங்கோடும் வாழ வேண்டும் என்ற கருத்துக்கும் அதைப் பயன்படுத்தினார்கள்.

பூங்கொத்துப் படங்களில் குறியீடு எங்கே?

பூ வாடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த அடிப்படை. அதற்கு மேல் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அந்தக் கொத்து ஒருபோதும் இருந்ததில்லை. அம்புரோசியஸ் பொஷார்ட் வரைந்த ஜாடிகளில் வசந்தத்தின் தொடக்கத்தில் பூப்பதும் கோடையில் பூப்பதும் ஒன்றாக நிற்கும். ஒவ்வொரு பூவையும் அதன் பருவத்தில் தனித்தனியாக வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு படத்தில் கோத்தார்கள். அதனால்தான் ஒரே பூ, ஒரே கோணத்தில், அவருடைய வெவ்வேறு படங்களில் திரும்ப வரும். நேரே பார்த்து வரைய விரும்பியவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது: மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படத்தை முடிக்க முடியவில்லை என்று யான் வான் ஹைசம் 1742இல் கடிதம் எழுதியிருக்கிறார். வாடும் பூவை வாடாமல் நிறுத்துவது ஓவியம் மட்டுமே என்ற பெருமிதமும் இந்தப் படங்களில் இருக்கிறது.

இரண்டாவது, டூலிப். வெள்ளை இதழில் சிவப்புத் தீற்றல் ஓடும் வகைகளுக்குத்தான் மதிப்பு அதிகம். அந்தக் கோடுகளை உண்டாக்கியது அசுவினிப் பூச்சிகள் பரப்பிய வைரஸ் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. 1637 பிப்ரவரியில், அளவுமீறி ஏறியிருந்த டூலிப் கிழங்குகளின் விலை சரிந்த பிறகு வரைந்த படத்தில் டூலிப் இருந்தால், பார்ப்பவருக்கு அந்தச் சரிவும் நினைவுக்கு வந்திருக்கும். அதற்கு முன் வரைந்த படத்தில் அந்த அர்த்தத்தைத் தேடக் கூடாது. ஆகவே படத்தின் ஆண்டைப் பார்க்காமல் டூலிப்புக்கு விளக்கம் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, பூச்சிகள். பட்டாம்பூச்சி உயிர்த்தெழும் ஆன்மா, கம்பளிப்புழு மண்ணில் ஊரும் உடல், ஈ அழுகல். ஈக்கு இன்னொரு வேலையும் உண்டு: பார்ப்பவர் நிஜ ஈ என்று எண்ணி விரட்டக் கை ஓங்கினால் ஓவியர் வென்றார். ஓட்டோ மார்சேயுஸ் வான் ஸ்க்ரீக் உண்மையான பட்டாம்பூச்சியின் இறக்கையை ஈர வண்ணத்தில் அழுத்தி அதன் செதில்களைப் படத்தில் ஒட்டவைத்தார். பூச்சிகளை இவ்வளவு நெருங்கிப் பார்த்த காலம் அது. பூ ஓவியர் ரேச்சல் ரைஷின் தந்தை ஃப்ரெடரிக் ரைஷ் ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற உடற்கூறியலாளர். சிறு எலும்புக்கூடுகளை வைத்து நிலையாமைக் காட்சிகளை அமைத்தவர். அந்த வீட்டில் வளர்ந்த மகள் வரைந்த ரோஜாவில் புழு கடித்த ஓட்டை இருப்பதில் வியப்பில்லை.

உணவு மேசைப் படங்களையும் இப்படித்தான் படிக்க வேண்டுமா?

கொஞ்சம் தளர்த்திப் படிக்க வேண்டும். ரொட்டியும் ஒயினும் அருகருகே இருந்தால் நற்கருணை என்ற கிறிஸ்தவச் சடங்கு நினைவு வரலாம். ஆனால் அது தினசரிச் சாப்பாடும்தான். சிப்பி காம இச்சையைத் தூண்டும் என்று நம்பப்பட்டது. வால்நட் கொட்டைக்கு, ஓடு சிலுவையின் மரம், உள்ளிருக்கும் பருப்பு கிறிஸ்துவின் தெய்வத்தன்மை என்ற பழைய சமய விளக்கம் உண்டு. வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது மிகையான சாப்பாடு என்று கண்டிக்கப்பட்டது.

இந்த மேசைகள் உலக வணிகத்தின் கணக்குப் புத்தகமும்கூட. ஆம்ஸ்டர்டாம் ரிக்ஸ் மியூசியத்தில் உள்ள பீட்டர் க்ளாஸின் 1627ஆம் ஆண்டு வான்கோழிப் ‘பை’ (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்) படத்தைப் பாருங்கள். சுருட்டிய பஞ்சாங்கத் தாளிலிருந்து மிளகு கொட்டிக் கிடக்கிறது. அன்றைய ஐரோப்பாவுக்கு மிளகு மலபாரிலிருந்தும் ஜாவா, சுமத்ரா தீவுகளிலிருந்தும் போனது. அந்தத் தாளும் கவனிக்கத்தக்கது: ஆண்டு முடிந்ததும் பொட்டலம் மடிக்கத்தான் பஞ்சாங்கம் ஆகிறது. பக்கத்தில் உள்ள நாட்டிலஸ் என்ற கடல் உயிரின் ஓட்டில் செய்த கிண்ணம் கிழக்குக் கடலிலிருந்து வந்தது. நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான் 1600களின் தொடக்கத்தில், பிடிபட்ட போர்த்துகீசியக் கப்பல்களின் சரக்காக நெதர்லாந்தில் ஏலத்துக்கு வந்து பரவியது. செல்வம் நிலையற்றது என்று சொல்லும் படமே அந்தச் செல்வத்தைக் கண் நிறையக் காட்டுகிறது. இந்த முரண்பாட்டை மறைக்காமல் பார்க்க வேண்டும். இந்தப் பொருட்கள் எந்தப் போரால், யாருடைய உழைப்பால் வந்தன என்பதைப் படம் சொல்வதில்லை.

கவிழ்ந்த கிளாஸ், விளிம்பைத் தாண்டி நிற்கும் வெள்ளீயத் தட்டு, நம்மை நோக்கிக் கைப்பிடி நீட்டும் கத்தி ஆகியவையும் உணவு மேசைகளில் அடிக்கடி வரும். எதுவும் எப்போதும் சரியலாம் என்ற பதற்றத்தை அவை தருகின்றன. கூடவே, பொருள் சட்டகத்தைத் தாண்டி நம் பக்கம் வருவது போன்ற தோற்றத்தையும் உண்டாக்குகின்றன.

ஸ்பெயின் ஓவியர்கள் எப்படி வேறுபடுகிறார்கள்?

பொருட்கள் குறைவு, மௌனம் அதிகம். சுர்பரான் 1633இல் வரைந்து கையெழுத்திட்ட படம் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் உள்ளது: தட்டில் நார்த்தை வகைப் பழங்கள், கூடையில் பூவோடு கூடிய ஆரஞ்சுகள், வெள்ளித் தட்டில் நீர்க் கோப்பையும் ரோஜாவும். ரோஜா, ஆரஞ்சுப் பூ, தூய நீர் ஆகிய மூன்றும் கன்னி மரியாளோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. அதனால் இதை மரியாளுக்கான காணிக்கையாகப் படிப்பவர்கள் பலர். பலிபீடத்தில் வைப்பதுபோல் மூன்று குழுக்களும் சம இடைவெளியில் வரிசையாக இருப்பது அந்த வாசிப்புக்கு வலு சேர்க்கிறது.

பளபளப்பான பாத்திரத்தில் தெரியும் சிறு உருவம் யார்?

பெரும்பாலும் ஓவியரே. ஆன்ட்வெர்ப்போடு தொடர்புடைய க்ளாரா பீட்டர்ஸ், குடுவை மூடியிலும் கிண்ணத்தின் குமிழ்களிலும் தன் முகத்தைப் பலமுறை நுண்ணியதாக வரைந்தார். மேசைக் கத்தியின் கைப்பிடியில் தன் பெயரைப் பொறித்ததுபோல் வரைந்தார். பெண்களுக்கு நிர்வாண மாடலைப் பார்த்து வரையும் பயிற்சி மறுக்கப்பட்ட காலத்தில், அவர்களுக்குத் திறந்திருந்த சில துறைகளில் அசையாப் பொருள் ஓவியமும் ஒன்று. நான் இங்கே இருந்தேன், இதை நான்தான் செய்தேன் என்ற சாட்சியாக அந்த முகங்களைக் காண்கிறோம். பெரிய திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சில படங்களில் பிரஷ் பிடித்த கைகூடத் தெரியும்.

இலைகள் நீலமாக இருக்கின்றனவே, அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

இல்லை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். தாவரத்திலிருந்து எடுத்த மஞ்சள் சாயத்தை நீலத்தோடு கலந்தோ, நீலத்தின்மேல் பூசியோ பச்சை உண்டாக்கினார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் வெளுத்ததும் நீலம் மட்டும் மிஞ்சியது. சிவப்புச் சாயமும் இப்படி வெளுக்கும். இன்று வெள்ளையாகத் தெரியும் ரோஜா ஒருகாலத்தில் இளஞ்சிவப்பாக இருந்திருக்கலாம். கோபால்ட் கண்ணாடியை அரைத்துச் செய்த ஸ்மால்ட் நீலம் எண்ணெயில் சாம்பலாக மாறும். ஆர்சனிக் கொண்ட அரிதார மஞ்சள் நிறம் இழந்து பொடியும். பழைய வார்னிஷ் படம் முழுவதையும் தேன் நிறமாக்கும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து ‘வெள்ளை ரோஜா, எனவே தூய்மை’ என்று முடிவு கட்டும் முன், அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக் குறிப்பைப் படியுங்கள்.

பிற்காலத்தில் இந்த மொழி மறைந்துவிட்டதா?

மறையவில்லை, தனிமனிதருடையதாகிவிட்டது. வான் கோ 1885 அக்டோபரில் வரைந்த படத்தில் பெரிய விவிலியம் திறந்திருக்கிறது. முன்னால் எமில் ஜோலாவின் மஞ்சள் அட்டை நாவல், பக்கத்தில் அணைந்த மெழுகுவர்த்தி. அவருடைய தந்தை ஒரு போதகர். அதே ஆண்டு மார்ச்சில் இறந்தவர்; விவிலியம் அவருடையது. அணைந்த திரி பழைய குறியீடுதான், ஆனால் இங்கே அது ஒரே ஒருவரின் சாவைச் சொல்கிறது.

நானே இப்படி ஒரு காட்சி அமைத்து வரைய என்ன செய்ய வேண்டும்?

சொல்ல நினைப்பதை முதலில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பிறகு ஐந்து முதல் ஏழு பொருட்கள் போதும். சுமார் 60 செ.மீ. அகலமுள்ள அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே அடர் பழுப்புத் துணி விரியுங்கள். இடது மேலிருந்து ஒரே ஒரு விளக்கு, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். இரண்டு திசையிலிருந்து வெளிச்சம் வந்தால் நிழல்கள் மோதி எந்தப் பொருள் முக்கியம் என்பதே தெரியாமல் போகும்.

எலுமிச்சையை ஒன்றரை செ.மீ. அகலத்தில் அறுபடாமல் சுற்றி உரியுங்கள். நம் நாட்டுச் சிறு எலுமிச்சையின் தோல் மெல்லியது, அறுந்துவிடும். தடித்த தோலுள்ள பெரிய எலுமிச்சையோ நார்த்தங்காயோ எடுத்துக்கொள்ளுங்கள். சுருள் விழாமல் நிற்க உள்தோலுக்குள் மெல்லிய கம்பி செருகலாம். சில மணி நேரத்தில் உள்தோல் பழுப்பேறிச் சுருங்கிவிடும் என்பதால் முதல் அமர்விலேயே அதை முடித்துவிடுங்கள். மாற்றுப் பழங்கள் கையில் இருக்கட்டும். கண்ணாடிக் கிளாஸுக்கு முதலில் பின்னணியையே கிளாஸின் ஊடாக வரைந்து, விளிம்பையும் மின்னும் புள்ளிகளையும் கடைசியில் வையுங்கள். முதலிலேயே வெள்ளைக் கோடு போட்டால் கிளாஸ் பால் ஊற்றியதுபோல் கலங்கிவிடும். அணைந்த திரியின் புகை சில விநாடிகளே நிற்கும். அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பின்னணி காய்ந்த பிறகு மிக மெல்லிய வண்ணத்தில் இழுங்கள்.

டச்சுக் குறியீட்டை அப்படியே கடன் வாங்காதீர்கள். குறுக்கே வெட்டிக் குங்குமம் தடவிய எலுமிச்சையைப் பார்க்கும் தமிழருக்குத் திருஷ்டிதான் நினைவுக்கு வரும், உரிக்கும் கத்தி வரைந்தாலும் வரையாவிட்டாலும். அணைந்த குத்துவிளக்கு இங்கே ஹார்லெம் மெழுகுவர்த்தியைவிடக் கடுமையாகத் தாக்கும். அதனால் அந்தப் படத்தில் மண்டை ஓடு தேவைப்படாது. பக்கத்தில் காய்ந்த வெற்றிலையோடு ஒரு தாம்பாளம் வைத்தால், விருந்தினர் வந்து போய்விட்டார்கள் என்பதும் புரிந்துவிடும்.